‘சாரி’ என்னும் சொல்

சென்ற ஆண்டு என் நண்பர் ஒருவரின் தந்தையார் காலஞ்சென்றார். செய்தி கேட்டு விடுதி மாணவர் நால்வர் அவருடைய ஊருக்குச் சென்றோம். திண்ணையில் அமர்ந்திருந்த நண்பரின் கையைப் பற்றிக்கொண்டு, வேறு சொல் வாய்க்கு வாராமையால், “சாரி” என்றேன். அருகிலிருந்த அவருடைய பாட்டியார் அச்சொல்லின் பொருள் யாதெனப் பேரனை வினவினார். “மன்னிப்புக் கேட்கிறான், ஆச்சி” என்றார் அவர். “நீ என்ன பிழை செய்தாய், ஐயா?” என்று அம்மூதாட்டியார் என்னை நோக்கிக் கேட்டார். தமிழ் ஆனர்ஸ் பயிலும் யான் விடையின்றி நின்றேன்.

பின்னர் அச்சொல்லின் வரலாற்றை ஆராய்ந்தேன். துயரத்தைக் குறிக்கும் ‘சாரோ’ என்னும் பெயரினின்று இது பிறந்ததென்றே பலரும் எண்ணுவர். யானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். உண்மை அஃதன்று. பழைய ஆங்கிலத்தில் ‘சார்’ என்பது நோவு. அதனடியாகப் பிறந்த ‘சாரிக்’ என்பது நோவுற்ற என்னும் பொருளது. இன்று புண்ணைக் குறிக்கும் ‘சோர்’ என்பதே இதன் உடன்பிறப்பு. ‘சாரோ’ வேறொரு வேரினது. ஜெர்மன் மொழியிற் கவலையைக் குறிக்கும் ‘சோர்கெ’ அதன் இனம். ஒலியும் பொருளும் அணுகி நின்றமையால் இரண்டும் ஒரு குடியினபோல் ஆயின. ஆகவே ‘சாரி’ என்றவன் ஆதியிற் கூறியது, ‘எனக்கு நோகிறது’ என்பதே. எத்துணை நல்ல சொல்! இன்றோ பேருந்தில் தோளை இடித்தவனும், வகுப்புக்குக் காலந்தாழ்த்து வந்தவனும் அதனையே உதிர்க்கின்றனர். பெயருக்கு முன் அடையாய் வருங்கால் அது பின்னும் வேறுபடும். அவ்விடத்து வருந்துவோன் இல்லை, காணப்படும் பொருளே இழிந்ததும் இரங்கத்தக்கதும் ஆகிவிடுகின்றது.

இரங்கலும் மன்னிப்பும் ஒரு சொல்லுள் அடங்கியிருத்தல் வெறும் இலக்கணச் சிக்கல் அன்று. 2001 ஏப்ரல் 1 ஆம் நாள் ஹைனான் தீவின் அருகே அமெரிக்க வேவு விமானமொன்றும் சீனப் போர்விமானமொன்றும் மோதின. சீன விமானி வாங் வெய் மாண்டார். ஹைனானில் இறங்கிய அமெரிக்கர் 24 பேரும் தடுத்துவைக்கப்பட்டனர். சீனா மன்னிப்பை வேண்டிற்று, அமெரிக்கா இசையவில்லை. முடிவில் ஏப்ரல் 11 ஆம் நாள் அமெரிக்கத் தூதர் அளித்த கடிதத்தில் ‘மிகவும் சாரி’ என்பது இருமுறை வந்தது: விமானியை இழந்ததற்கு ஒன்று, வாய்மொழி இசைவின்றித் தரையிறங்கியதற்கு ஒன்று. சீனர் அதனை மன்னிப்பென்று கொண்டனர். அமெரிக்கரோ அது மன்னிப்பன்று என்றனர். இருபத்துநால்வரும் வீடு திரும்பினர். சொல்லின் தெளிவின்மையே அங்குத் துணைநின்றது என்பதை யான் மறுக்கமாட்டேன். கனடாவின் ஒண்டாரியோ மாகாணம் 2009 இல் ஒரு சட்டமே இயற்றி, உரிமை வழக்குகளில் இத்தகைய சொல்லைக் குற்ற ஒப்புதலாகக் கொள்ளலாகாதென விதித்தது. சட்டம் வேண்டுமளவுக்கு அச்சொல் மயங்கிக் கிடக்கின்றது.

அரசர்க்கு உதவும் மயக்கம் திண்ணைக்கு உதவுமோ? நாம் பிழைக்குப் ‘பொறுத்தருள்க’ என்கிறோம். அது வியங்கோள், பொறுப்பதும் மறுப்பதும் கேட்போர் கையில் உள்ளன. ‘சாரி’ என்பதோ கூறுவோன் தன் நிலையைத் தானே அறிவித்தல். எதிரிலிருப்பவரிடம் அஃது ஒன்றும் வேண்டுவதில்லை. ஆகவே பிழை செய்தார்க்கும் அது போதாதென்பதே என் கருத்து. துயரத்திலோ தொல்காப்பியர் அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன் வகுத்தார். என் நண்பருக்கு நேர்ந்தது இழவு. யான் சொன்ன சொல் பிழையின் வாசலில் நின்றது.

‘வருந்துகிறேன்’ என்றிருக்கலாமே எனின், அச்சொல் நேரிற் கூறுங்கால் நாடக மேடையை நினைவூட்டுகின்றது என்று என் தோழர் நகைப்பர். அவர் கூற்றிலும் உண்மையுண்டு. இழவு வீட்டு வாயிலுக்கு ‘சாரி’யைக் கொண்டுசெல்லாதீர் என்று மட்டும் வேண்டுகின்றேன், அதற்கு ஈடாக வேறொரு சொல்லைக் கற்பிக்க யான் வல்லனல்லேன். அன்று ஊரார் ஒவ்வொருவராக வந்து, நண்பரின் கையைத் தொட்டு, ஒன்றும் பேசாமல் திண்ணையில் அமர்ந்தனர். சிறிது நேரத்தில் ஆச்சி நகர்ந்து எனக்கும் இடம் விட்டார்.