மீனா, மனுசனா என்று கேட்பவர்களுக்கு…



முதுகுல திமில் வச்ச மீனைப் பார்த்திருக்கீங்களா? நம்ம காவிரியில் இருக்கு. திமில் மகசீர். 50 கிலோவுக்கு மேல வளரும். 1946-ல் கபினி ஆற்றில் பிடிபட்ட ஒன்று 54 கிலோ! காவிரியையும் அதன் கிளை ஆறுகளையும் விட்டால் இந்த மீனுக்கு உலகத்துல வேற வீடு கிடையாது. 2018-ல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழிவின் கடைசி விளிம்பில் நிற்கும் இனமாக அறிவித்தது. மிச்சம் இருக்கிற கொஞ்சநஞ்சத்துக்கும் பெரிய அடைக்கலம் நம்ம மோயாறுதான்.

புலி செத்தா தலைப்புச் செய்தி. இந்த மீன் செத்தா? மூணாம் பக்கத்துல கூட வராது.

யார் கொன்னாங்க? ஒருத்தர் இல்ல. குறுக்கே அணை, மடுவில் தோட்டா, கரையில் மணல் லாரி, வாய்க்கால்ல சாயம். இதெல்லாம் போதாதுன்னு பெரிய கொடுமை ஒண்ணு. மகசீரைக் காப்பாத்துறோம்னு சொல்லி, காவிரிக்குச் சம்பந்தமே இல்லாத நீலத்துடுப்பு மகசீர் குஞ்சுகளைப் பண்ணையில் பொரிச்சு, வருசக்கணக்கா ஆத்துல கொட்டினாங்க. வந்தது பெருகிடுச்சு. வீட்டுக்காரன் வெளியே! அணைகள்ல ஜிலேபிக் கெண்டையை விட்டதும் இதே புத்திதான்.

"வளர்ச்சி வேண்டாமா? மீனுக்காக ஆலையை மூடணுமா?" என்று கேட்கிறார்கள். நொய்யலைப் போய்ப் பாருங்க சாமி. 1992-ல் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர் சாயக்கழிவின் தொட்டியாக மாறியது. முதலில் போனது மீன். அப்புறம் கிணறு. அப்புறம் ஈரோடு, கரூர் விவசாயியின் நிலம். 2011-ல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் பலருக்குக் காது கேட்டது. மீனும் மனுசனும் குடிச்சது ஒரே தண்ணி. இதுல 'மீனா, மனுசனா'ன்னு என்ன கேள்வி?

இது நம்ம ஊர்க் கதை மட்டுமில்ல. சீனாவின் யாங்சே ஆற்றில் 7 மீட்டர் வரை வளர்ந்த துடுப்புமூக்கு மீன் இருந்தது. 1981-ல் கெசௌபா அணை ஆற்றை மறித்தது, முட்டையிடப் போகும் வழி அடைபட்டது. 2003-க்குப் பிறகு ஒன்றுகூட கண்ணில் படவில்லை. 2022-ல் அழிந்துவிட்டது என்று எழுதி மூடிவிட்டார்கள். கடலிலிருந்து காவிரிக்குள் ஏறிவந்த உல்லம் மீனின் பாதையை மேட்டூரில் நாம் மறித்தது 1934-ல். சீனாவைச் சொல்ல நமக்கு என்ன யோக்கியதை?

2022 நவம்பரில் கிருஷ்ணகிரி, தர்மபுரி காடுகளில் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. நீர்நாய், முதலை, ஆற்று ஆமை எல்லாம் அங்கே உண்டு. அறிவித்தது சரி. அதை யார் செய்திருந்தாலும் சரின்னுதான் சொல்வோம். ஆனா ஆமை முட்டை வைக்க மணல்திட்டு வேணும். சரணாலயப் பலகையைத் தாண்டிய கீழ்க்காவிரியில் அந்த மணல் எங்கே போச்சுன்னு ஊருக்கே தெரியும். அதிகாரிகளுக்கு மட்டும் தெரியாதாம்!

நாங்கள் கேட்பது இதுதான். காவிரியிலும் கிளை ஆறுகளிலும் மணல் அள்ளுவதை நிறுத்து. ஆலைக்கழிவு அளவீட்டைத் தினமும் மக்கள் பார்க்கும்படி வெளியிடு. வெளியூர் மீன்குஞ்சை ஆற்றில் விடாதே. கோடையிலும் ஆறு ஓடும் அளவுக்குத் தண்ணீர் விடு.

உங்க ஊர் ஆத்துல கழிவு கலந்தா, மணல் லாரி இறங்கினா, படத்தோட இந்தப் பதிவுக்குக் கீழே போடுங்க. இடத்தையும் தேதியையும் மறக்காம எழுதுங்க. மனு போடுறது எங்க வேலை.

#காவிரி_உயிர்களைக்_காப்போம்