மின்மினியின் விளம்பரம்

சின்ன வயதில் கோடை லீவுக்குப் பொள்ளாச்சிப் பக்கம் பாட்டி வீட்டுக்குப் போவோம். ராத்திரி கரண்ட் போனால் எங்களுக்குக் கொண்டாட்டம்தான். கிணற்றடிப் புதர் முழுக்க மின்மினிகள்! போன மே மாதம் போனபோது ஒன்றைக்கூடக் காணோம்.

"லைட்டு போட்டதுக்கப்புறம் அதுக எங்க கண்ணு வருது?" என்றார் பாட்டி. திருட்டு பயத்துக்காகக் கிணற்றடியில் அந்த எல்.இ.டி. விளக்கை மாட்டியதே நான்தான்.

பாட்டி சொன்னது சரியா என்று தேடிப் படித்தேன். நான் பி.காம். மாணவன். என் பாஷையில் சொன்னால், மின்மினியின் ஒளி ஒரு விளம்பரம். கல்யாண விளம்பரம்!

முதலில் செலவுக் கணக்கு. அதன் வயிற்றின் நுனியில் லூசிஃபெரின் என்ற பொருள் இருக்கிறது. லூசிஃபெரேஸ் என்ற நொதியின் உதவியால் அது ஆக்சிஜனோடு சேரும்போது வெளிச்சம் பிறக்கிறது. பழைய குண்டு பல்பு, வாங்கும் மின்சாரத்தில் சுமார் 5 சதவீதத்தைத்தான் வெளிச்சமாக்கும், மீதியெல்லாம் சூடு. மின்மினி வெளிச்சத்தில் சூடு என்பது அநேகமாக இல்லவே இல்லை.

அடுத்தது வாடிக்கையாளர். உலகில் 2,000க்கும் மேற்பட்ட மின்மினி இனங்கள் உண்டு. பல இனங்களில் ஆண் பறந்தபடியே மின்னும். புல்லில் உட்கார்ந்திருக்கும் பெண், பிடித்திருந்தால் பதிலுக்கு மின்னும். எத்தனை முறை, எவ்வளவு இடைவெளியில் என்பது இனத்துக்கு இனம் மாறும். போலி விளம்பரமும் உண்டு. அமெரிக்காவில் ஃபோட்டூரிஸ் வகைப் பெண் பூச்சிகள் வேறு இனப் பெண்ணைப் போல மின்னி, ஏமாந்து வரும் ஆணைத் தின்றுவிடும்!

புழுப் பருவத்தில் மின்னுவது வேறு காரணத்துக்காக. "என்னைத் தின்னாதே, நன்றாக இருக்க மாட்டேன்" என்ற எச்சரிக்கை அது. பல இனங்கள் ஒன்றிரண்டு வருஷம் புழுவாகவே வாழ்ந்து, இறக்கை முளைத்தபின் சில வாரங்களே இருக்கின்றன. ஜோடி தேட அவ்வளவுதான் அவகாசம். அந்த நேரத்தில் நாம் விளக்கைப் போடுவது, திருவிழா மைக்செட்டுக்குப் பக்கத்தில் நின்று ஒருவரை ரகசியம் பேசச் சொல்வது மாதிரி.

பழி முழுக்க விளக்குக்கு மட்டும் இல்லை. மின்மினி ஆய்வாளர்களிடம் கருத்துக் கேட்டு 2020இல் வெளியான கட்டுரை, வாழிடம் அழிவதை முதல் ஆபத்தாகச் சொன்னது. செயற்கை வெளிச்சமும் பூச்சிமருந்தும் அதற்கடுத்து வந்தன. ஆனால் அழித்த புதர் திரும்ப வளர வருஷக்கணக்கில் ஆகும், மருந்து மண்ணை விட்டுப் போகவும் நாளாகும். வெளிச்சத்தை மட்டும்தான் ஒரு சுவிட்சில் சரிசெய்ய முடியும். அதனால் அங்கிருந்து தொடங்குவோம் என்கிறேன்.

இருட்டு இன்னும் மிச்சமிருக்கும் இடத்தில் என்ன நடக்கிறது? பொள்ளாச்சிக்கு மேலே, ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் உலாந்தி வனச்சரகத்தில் 2022 ஏப்ரலில் ஏராளமான மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னின. படம் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

விளக்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. பாம்பும் தேளும் நடமாடும் இடம், பாட்டி விழாமல் நடக்க வேண்டும். ஆனால் விடிய விடிய எரிய வேண்டுமா? வெளிச்சம் தரையை மட்டும் பார்த்தால் போதாதா?

இப்போது அந்த விளக்குக்கு மேலே தகர மூடி போட்டு, சுவிட்சை வாசலுக்கு மாற்றிவிட்டேன். தேவைப்படும்போது மட்டும் போடுகிறார் பாட்டி. வரும் மே மாதம் கிணற்றடியில் ஒன்றாவது மின்னினால் போதும், போட்ட முதல் திரும்பி வந்ததாக எழுதிக்கொள்வேன்.