ஜேஇஇ தேர்வு: தெரியாத கேள்விக்குக் குத்துமதிப்பா விடை போடலாமா? மைனஸ் மார்க் கணக்கு இதுதான்!

தேர்வு முடிய 5 நிமிஷம்தான் இருக்கு. நாலு கேள்வி பாக்கி. ‘எதையாவது க்ளிக் பண்ணலாமா, விட்டுடலாமா?’ ஜேஇஇ எழுதும் பலருக்கும் வரும் குழப்பம் இது. அது எந்த வகைக் கேள்வி என்பதைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஜேஇஇ மெயின் பி.இ., பி.டெக். தாளில் 75 கேள்விகள், 300 மதிப்பெண்கள். ஒவ்வொரு பாடத்திலும் 20 கேள்விகளுக்கு நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்வு செய்ய வேண்டும். மீதி 5 கேள்விகளுக்கு விடை எண்ணை நாமே டைப் செய்ய வேண்டும். இரண்டு வகைக்கும் சரி என்றால் 4, தவறு என்றால் மைனஸ் 1.

விதி ஒன்றுதான், விளைவு வேற. நான்கு விடை உள்ள கேள்விகளில் கண்ணை மூடிக்கொண்டு நாலுக்கு விடை போட்டால், சராசரியாக ஒன்று சரியாகும். 4 வரும், 3 போகும். மிச்சம் 1 மார்க். ஆனா நாலுமே தவறாக, கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பும் இருக்கு. இரண்டு விடைகளை உறுதியாக ஒதுக்க முடிந்தால் துணிந்து போடலாம். கேள்விக்குச் சராசரியாக ஒன்றரை மார்க் லாபம்.

எண் விடைக் கேள்வியில் யூகம் பலிப்பது அபூர்வம். 2021-ல் இதற்கு மைனஸ் மார்க் கிடையாது, 2022-ல் வந்துவிட்டது. ‘சும்மா போட்டுட்டு வா’ என்ற பழைய சீனியர் அறிவுரை இப்போ ஆபத்து.

அட்வான்ஸ்டு தேர்வில் ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகள் உள்ள கேள்விகளும் உண்டு. சமீபத்திய தாள்களில், மூன்று சரியான விடைகளில் இரண்டை மட்டும் தேர்வு செய்தாலும் 2 மார்க். சந்தேகத்தோடு இன்னொன்றைச் சேர்த்து அது தவறானால், அந்த 2-ம் போய் மைனஸ் 2. அட்வான்ஸ்டு மதிப்பெண் முறை ஆண்டுக்கு ஆண்டு மாறலாம் என்பதால், ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் உள்ள குறிப்பைப் படித்த பிறகே கேள்விக்குள் போங்க.