"ஐம்பது டன் வண்டிக்கு நாலு ஆள் ஒரு சுமையா?" – திருவிழாக் கிரேன்களும் நமது நன்கொடையும்



நார்த்மீட்டில் வசிக்கும் நம் பிள்ளைகள் வெஸ்ட்மீட், பரமட்டா பக்கம் செல்லும் போதெல்லாம் வானில் நிற்கும் பாரந்தூக்கிகளைப் பார்த்தே வளர்கின்றனர். (பாரந்தூக்கி என்பது ஈழத்து நண்பர்களின் சொல். தமிழகத்தில் நாம் கிரேன் என்று சொல்லியே பழகிவிட்டோம். அவர்களுடைய சொல் நம்முடையதை விட அழகானது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.) அந்த இயந்திரத்தைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுத வேண்டிய தேவை என்ன என்று நீங்கள் வினவலாம். காரணம் இருக்கிறது.

அண்மையில் ஊரிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. திருவிழாவுக்கு இம்முறை கிரேன் அமர்த்தப் போகிறார்கள். அலகு குத்திய அடியார்கள் அதில் தொங்கியபடி வந்து சுவாமிக்கு மாலை சாத்துவார்களாம். வாடகையை 'வெளிநாட்டுப் பிள்ளைகள்' ஏற்றுக்கொள்ள வேண்டுமாம். "சித்தப்பா, அது ஆபத்தல்லவா?" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "தம்பி, ஐம்பது டன் வண்டிக்கு நாலு ஆள் ஒரு சுமையா?" என்றார். இயந்திரவியல் படித்துப் பட்டம் பெற்று, இன்று மென்பொருள் எழுதிப் பிழைக்கும் எனக்கு அந்தக் கேள்வி இரண்டு நாள் உறக்கத்தைக் கெடுத்தது. சித்தப்பா அறிவிலி அல்லர். அவர் கேட்டதைத்தான் படித்தவர்களும் கேட்கின்றனர். அந்தக் கேள்விக்குள்தான் மரணம் ஒளிந்திருக்கிறது.

2023 ஜனவரி 22 அன்று இராணிப்பேட்டை மாவட்டம் நெமிலி அருகே கீழ்வீதி கிராமத்தில் நடந்ததை நினைவுகூருங்கள். அம்மன் கோயில் மயிலேறு திருவிழா. கிரேனில் ஏறித் தொங்கியவர்கள் பக்தர்கள் நீட்டிய மாலைகளை வாங்கி அம்மனுக்குச் சாத்திக்கொண்டிருந்தனர். கிரேன் நிலை தடுமாறிக் கூட்டத்தின் மீது சாய்ந்தது. நான்கு உயிர்கள் போயின. தூக்கப்பட்டவை இரும்புத் தூண்கள் அல்ல, ஒரு சில மனிதர்களும் மாலைகளுமே. சித்தப்பாவின் கணக்குப்படி அந்தக் கிரேன் அசைந்திருக்கவே கூடாது!

கிரேனின் பக்கவாட்டில் எழுதப்பட்டிருக்கும் எண், அது எங்கும் எப்போதும் தூக்கக்கூடிய எடை அன்று. தூக்குகையை மிகக் குட்டையாகச் சுருக்கி, சுமையை வண்டிக்கு மிக அருகில் வைத்து, சமதளமான கெட்டி நிலத்தில் நிற்கும்போது மட்டுமே அந்த எண் செல்லும். நம் தாத்தாக்கள் ஏற்றம் மிதித்தவர்கள். ஏற்ற மரத்தின் மீது நடப்பவர் இரண்டடி முன்னே வைத்தால் சால் கிணற்றுக்குள் இறங்கும், பின்னே வந்தால் மேலே ஏறும். அவருடைய எடை மாறவில்லை. அச்சிலிருந்து அவர் நிற்கும் தூரமே மாறியது. கிரேனைக் கவிழ்ப்பதும் எடை மட்டுமன்று, எடையையும் தூரத்தையும் பெருக்கி வரும் திருப்புவிசை.

எளிய கணக்காகவே பார்ப்போம். 2 மீட்டர் தூரத்தில் 10 டன் தூக்கும் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 20. அதே வண்டி 10 மீட்டர் தூரத்தில் 2 டன் மட்டுமே தூக்க வேண்டும். தூக்குகை நீளும்போது அதன் சொந்த எடையும் வெளியே நகர்வதால் உண்மையில் அந்த 2 டன்னும் கிடைக்காது. இன்னும் நீட்டிக்கொண்டே போனால், கொக்கியும் கயிறும் தவிர வேறெதையும் தொங்கவிடக் கூடாத ஓர் எல்லை வந்துவிடும். அந்த எல்லையில் நான்கு மனிதர்களின் 300 கிலோ என்பது பெருஞ்சுமை. இதனால்தான் ஒவ்வொரு கிரேனுக்கும் சுமை அட்டவணை ஒன்று தரப்படுகிறது. இவ்வளவு நீளம், இவ்வளவு தூரம், இத்தனை எடை என்று கட்டம் கட்டமாக அதில் இருக்கும். கவிழும் எல்லை வரை அந்த அட்டவணை செல்வதில்லை. கவிழ்க்கும் சுமையில் 75 அல்லது 85 விழுக்காட்டோடு நிறுத்திக்கொள்வதே பல நாடுகளின் வழக்கம். மிச்சம் வைத்திருப்பது காற்றுக்கும் ஆட்டத்துக்கும். 'இன்னும் கொஞ்சம் தாங்கும்' என்று நாம் எடுத்துக்கொள்வதற்கு அன்று.

அந்த அட்டவணையிலும் நிலம் சமம் என்றே கொள்ளப்படுகிறது. தூக்குகையின் நுனி 10 மீட்டர் உயரத்தில் இருக்கையில் வண்டி 3 பாகை சாய்ந்தால், சுமை அரை மீட்டருக்கு மேல் வெளியே போய்விடும். சக்கரம் ஒரு வரப்பில் ஏறி இறங்கினால் போதும், அந்தச் சாய்வு வந்துவிடும். தாங்குகால்களை விரித்து நின்றாலும் மண்ணைக் கேட்க வேண்டும். 10 டன் இறங்கும் தாங்குகாலின் பாதம் 40 சென்டிமீட்டர் சதுரமானால், மண்ணின் மீது சதுர மீட்டருக்கு 60 டன்னுக்கும் மேல் அழுத்தம். வடகிழக்குப் பருவமழை ஊறிய தை மாத நிலம் அதைத் தாங்குமா? ஒரு மீட்டர் சதுரத்துக்குக் கெட்டியான மரக்கட்டைகளை அடுக்கி அதன் மேல் வைத்தால் அதே அழுத்தம் 10 டன்னாகக் குறையும். செலவு என்று சொல்வதற்கே இதில் ஒன்றுமில்லை.

நம்மூரில் 'ஹைட்ரா' என்று அழைக்கப்படும் வண்டி, சுமையைத் தூக்கியபடியே நகர்ந்து செல்லும் வகை. இங்கே ஆஸ்திரேலியாவில் அதன் உறவினரை 'ஃபிரானா' என்பார்கள். இடுப்பு மடிந்து திரும்பும் அந்த வண்டி, திரும்பும்போதும் பக்கச்சரிவில் செல்லும்போதும் தன் வலுவில் கணிசமான பங்கை இழக்கிறது. தாங்குகால் என்பதே அதற்கு இல்லை. அத்தகைய வண்டியில் மனிதர்களைத் தொங்கவிட்டு, கூட்டத்துக்கு நடுவே, மேடு பள்ளத்தில் ஓட்டிச் செல்வதற்குப் பெயர் பக்தியா?

இந்நாட்டு விதிகள் இவ்விடயத்தில் தயவு காட்டுவதில்லை. மனிதரைத் தூக்குவதற்கென்று செய்யப்படாத கிரேனில் மனிதரைத் தூக்க வேண்டுமாயின், அதற்கென வடிவமைத்த கூண்டு வேண்டும், உடல் வார் வேண்டும், இயந்திரம் நின்றுவிட்டால் இறங்கி வர வழியும் வேண்டும். இயக்குநருக்கு உரிமமும் வகை வகையாக உண்டு. சுழலும் நடமாடும் கிரேன் என்றால் 20 டன் வரை ஒன்று, 60 டன் வரை மற்றொன்று, 100 டன் வரை இன்னொன்று, அதற்கும் மேல் வேறொன்று. சுமையைக் கட்டிச் சைகை காட்டும் 'டாக்மேனு'க்குத் தனி உரிமம். அவ்வளவு இருந்தும் இங்கே விபத்து நடக்கவில்லையா? நடந்தது. 2018 செப்டம்பர் 6 அன்று மெல்பர்ன் பாக்ஸ் ஹில்லில் கிரேனிலிருந்து கான்கிரீட் தொட்டி விழுந்து ஒரு தொழிலாளி உயிரிழந்தார். ஆகவே வெள்ளைக்காரன் நாடு என்றால் இரும்பு விழாது என்று நான் கூற வரவில்லை. விழுந்த பின் யாரைக் கேட்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு. பணியை நடத்துபவரே முதற்பொறுப்பாளி என்கிறது நியூ சவுத் வேல்ஸின் 2011 பணியிடப் பாதுகாப்புச் சட்டம். பணியிடக் கவனக்குறைவால் நேரும் மரணத்தைக் கொலைக்குற்ற வகையில் சேர்க்கும் சட்டத்தை விக்டோரியா 2020இல் நடைமுறைப்படுத்தியது. நியூ சவுத் வேல்ஸ் 2024இல் இயற்றியது. அதே 2011 சட்டம், ஆபத்தென்று நியாயமாக அஞ்சும் தொழிலாளி வேலையை நிறுத்துவதற்கு உரிமையும் தருகிறது.

கீழ்வீதியில் கிரேன் இயக்குநர் கைது செய்யப்பட்டார். அவர் தவறு செய்திருக்கலாம். ஆனால் நாள் வாடகைக்கு வந்த ஓர் ஓட்டுநர், ஊர்ப் பெரியவர்களும் உடுக்கையும் கொட்டும் சூழ்ந்திருக்க, "ஐயா, இந்த இடத்தில் முடியாது, அத்தனை பேரும் இறங்குங்கள்" என்று சொல்லிவிட முடியுமா? சொன்னால் அடுத்த ஆண்டு அவருக்கு வாடகை கிடைக்குமா? முடியாது என்று சொல்லும் உரிமையை அவருக்குக் கொடுக்காமல், கவிழ்ந்ததும் விலங்கை மட்டும் கொடுக்கிறோம்.

இது கோயில்களின் குறை மட்டுமன்று. 2020 பிப்ரவரி 19 அன்று சென்னையை அடுத்த படப்பிடிப்புத் தளத்தில் 'இந்தியன் 2' படத்துக்காக நிறுத்திய கிரேன் சரிந்து மூவர் மாண்டனர். நடிகர், இயக்குநர் வரை காவல்துறை விசாரித்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 1 அன்று விசாகப்பட்டினம் இந்துஸ்தான் கப்பல் கட்டும் தளத்தில், சுமைப் பரிசோதனையின்போதே கிரேன் வீழ்ந்து 11 பேர் இறந்தனர். பொறியாளர்கள் நிறைந்த இடத்திலேயே இந்தக் கதி என்றால், வயல்வெளித் திருவிழாவில் அட்டவணையைத் திறந்து பார்ப்பவர் யார்?

கீழ்வீதி நிகழ்ந்த நாளில் நடப்பில் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 29ஆம் பிரிவு, தூக்கு இயந்திரத்தை 12 மாதங்களுக்கு ஒருமுறையேனும் தகுதியுள்ளவர் முழுமையாகச் சோதிக்க வேண்டும் என்றும், பாதுகாப்பான சுமையை அதன் மீது தெளிவாக எழுத வேண்டும் என்றும் கூறியது. ஆனால் கோயில் திடல் தொழிற்சாலை அல்லவே! அதே இயந்திரம் ஆலைக் கதவைத் தாண்டித் திடலுக்கு வந்ததும் ஆண்டவன் பொறுப்பில் விடப்படுகிறது.

இப்போது நம்மைப் பற்றிப் பேசுவோம். சிட்னியில் தேர் இழுக்க வேண்டுமென்றால் நகரசபை அனுமதி, போக்குவரத்துத் திட்டம், காப்பீடு, மஞ்சள் அங்கி அணிந்த தொண்டர்கள் என்று எல்லாவற்றையும் முணுமுணுக்காமல் செய்கிறோம். நம் பிள்ளை கூட்டத்தில் நிற்கிறது என்பதால் செய்கிறோம். ஊரில் நிற்பது யார் பிள்ளை? இங்கே சட்டப்படி செய்ய முடியாததை அங்கே டாலர் அனுப்பிச் செய்விப்பவர்களுக்கு விபத்தில் பங்கில்லையா? "சாமி காரியம், வாயைத் திறக்காதே" என்று என்னைக் கடிந்துகொண்ட நண்பர்களும் உண்டு. அலகு குத்துவதை நான் குறை சொல்லவில்லை. அது அவரவர் நேர்த்திக்கடன். ஆனால் நேர்ந்துகொண்டவர் ஒருவர், கிரேன் சாயும்போது கீழே நிற்பவர் வேறொருவர். அவர் எதையும் நேர்ந்துகொள்ளவில்லை. உயரத்தின் ஆபத்தைத் தஞ்சை களிமேட்டில் 2022 ஏப்ரல் 27 அன்று தேர் மின்கம்பியில் உரசி 11 பேர் மாண்டபோதே நாம் கற்றிருக்க வேண்டும். கிரேனின் கை தேரை விட உயரம் என்பதை மறந்துவிட்டோம்.

சித்தப்பாவுக்கு நான் பணம் அனுப்பவில்லை. கேள்விகளை அனுப்பினேன். வண்டியின் மாதிரி எது? அதன் சுமை அட்டவணை எங்கே? கடைசியாக யார், எந்தத் தேதியில் சோதித்தார்? எவ்வளவு தூரத்துக்குக் கையை நீட்டப் போகிறீர்கள்? மேலே மின்கம்பி போகிறதா? விழக்கூடிய தூரத்துக்குக் கயிறு கட்டிக் கூட்டத்தை நிறுத்துவீர்களா? கொக்கியில் மனிதரைத் தொங்கவிடும் திட்டத்துக்கு இவற்றில் எதற்கு என்ன விடை வந்தாலும் என் பதில் 'இல்லை' என்பதே. சுவாமியை அலங்கரிக்கவோ கலசத்தை ஏற்றவோ கிரேன் வேண்டுமென்றால், விடைகளைப் பார்த்த பின் வாடகை முழுவதையும் நானே தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

முதலில் கோபித்துக்கொண்டார். போன வாரம் ஒரு படம் அனுப்பினார். ஓட்டுநர் அறையில் ஒட்டியிருந்த, பாதி கிழிந்த சுமை அட்டவணை. "தம்பி, இதில் 14 மீட்டருக்கு நேரே கட்டமே இல்லையே, அது ஏன்?" என்று கேட்டிருந்தார்.

பொறியியல் பயிலும் நம் இளைஞர்களே, இந்தக் கேள்வி உங்களுக்கும் உரியது. உங்கள் பெற்றோரின் ஊரில் விழாக்குழு கிரேன் அமர்த்துகிறதென்றால், வண்டியின் மாதிரியையும் திடலின் ஒளிப்படத்தையும் கேட்டு வாங்குங்கள். அட்டவணையைப் படிக்கப் பத்து நிமிடம் போதும். தமிழில் எழுதி அனுப்ப இன்னொரு பத்து நிமிடம். தமிழ் தடுமாறினால் ஞாயிற்றுக்கிழமை மாலையில் என்னிடம் கொண்டு வாருங்கள், சேர்ந்து எழுதுவோம்.