கால்வாயில் இறங்கிய நாள்

2024ஆம் ஆண்டு யூலை 8ஆம் திகதி, திங்கட்கிழமை, நான் வேலைக்குப் போகவில்லை. முதலே லீவு எழுதிக் கொடுத்திருந்தேன். அன்று படுக்கையிலிருந்து குளியலறைக்குப் போக எனக்கு எவ்வளவு நேரம் எடுத்தது என்பதை என் மனைவி இன்றும் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பார். மாடிப்படியைப் பின்பக்கமாகத்தான் இறங்கினேன். முன்பக்கமாக இறங்கத் தொடை இடம் கொடுக்கவில்லை. "சம்பளத்துண்டு பற்றியும் வரிவகுப்பு பற்றியும் எழுதுகிறீர், அந்தக் கதையை ஏன் எழுதவில்லை?" என்று வாசகர் ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். சரி, இம்முறை அதையே எழுதுகிறேன்.

கதை றோத் என்ற ஊரில் நடக்கிறது. நூர்ன்பேர்க்கிலிருந்து தெற்கே ரயிலில் கொஞ்ச நேரம். சிறிய பட்டினம். ஆனால் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே உலகமே வந்து நிற்கும். 3.8 கிலோமீற்றர் நீந்த வேண்டும். நீந்திக் கரையேறி 180 கிலோமீற்றர் சைக்கிள் ஓட வேண்டும். சைக்கிளை விட்டு இறங்கி 42 கிலோமீற்றர் மரதன் ஓட வேண்டும். எல்லாம் ஒரே நாளில், ஒன்றின் பின் ஒன்றாக, 15 மணித்தியாலத்துக்குள். எங்கள் கணக்கில் சொன்னால், சைக்கிள் தூரம் யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவையும் தாண்டிப் போகும். ஓட்டம் யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பருத்தித்துறைக்குப் போவதைவிடக் கூட. இதற்கு நெடுந்தூர ட்ரையத்லோன் என்று பெயர்.

இந்த வேலையைத் தொடக்கி வைத்தவர்கள் அமெரிக்கர்கள். ஹவாய்த் தீவில் நீந்துகிறவன் பலசாலியா, ஓடுகிறவன் பலசாலியா, சைக்கிள் ஓடுகிறவன் பலசாலியா என்று ஒரு வாய்த்தர்க்கம் வந்ததாம். ஜோன் கொலின்ஸ் என்ற கடற்படை அதிகாரி, அந்தத் தீவில் ஏற்கனவே நடந்துவந்த மூன்று போட்டிகளையும் ஒன்றாகக் கட்டிவிட்டார். 1978 பெப்ரவரி 18ஆம் திகதி 15 பேர் தொடங்கினார்கள், 12 பேர் முடித்தார்கள். முதலாவதாக வந்தவர் கோர்டன் ஹாலர், 11 மணி 46 நிமிடம் 58 விநாடி. அவர் ராக்சி ஓட்டியவர். இரண்டாவதாக வந்தவருக்கு வழியில் தண்ணீர் தீர்ந்துவிட, அவருடைய ஆட்கள் பியரைக் கொடுத்திருக்கிறார்கள். ராக்சி ஓட்டுகிறவன் வென்ற போட்டி என்று வாசித்தபோதே எனக்கு அதில் ஒரு பிடிப்பு வந்துவிட்டது. றோத்தில் முதல் ட்ரையத்லோன் நடந்தது 1984இல். இந்தத் தூரத்தை உலகிலேயே முதன்முதலாக எட்டு மணித்தியாலத்துக்குள் முடித்தவரும் இங்கேதான் முடித்தார். லோதார் லேடர், 1996இல், 7 மணி 57 நிமிடம்.

என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனவர், தொழிற்சாலையில் பக்கத்து மெஷினில் நிற்கும் ஜேர்மன்காரர். ஐம்பதைத் தாண்டியவர். 2016இல் "உதவிக்கு ஆள் வேண்டும், ஒரு நாள் வா" என்றார். சுற்றுக் கிராமங்களின் விளையாட்டுக் கழகங்களும் தீயணைப்புப் படையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் என்று ஆயிரக்கணக்கானோர் சம்பளமில்லாமல் நிற்கிறார்கள். எனக்கு வாழைப்பழம் உரித்துப் பாதி பாதியாக நீட்டுகிற வேலை. அன்று ஜான் ஃப்ரோடெனோ 7 மணி 35 நிமிடம் 39 விநாடியில் முடித்தார், அந்நாள்வரை யாரும் செய்யாத நேரம். என்னைத் தாண்டிப் போனார், பழம் வாங்கவில்லை. பழம் வாங்கினவர்கள் பின்னேரமும் இரவும் வந்தவர்கள். வயிறு வைத்த மனிதர்கள், நரைத்த தலைப் பெண்கள், ஒரு காலை இழுத்து இழுத்து வந்த ஒருவர். ஒவ்வொருவரும் பழத்தை வாங்கி "நன்றி" சொல்லிவிட்டுப் போனார்கள். இவர்களைப் பார்க்க என்னைப்போல வேலைக்குப் போய் வருகிற சனம் மாதிரித்தான் இருந்தது.

ஆனால் எனக்கு நீச்சல் தெரியாது.

இதைக் கொஞ்சம் விளக்கமாக எழுத வேண்டும். கடலால் சூழ்ந்த ஊரிலிருந்து வந்து நீச்சல் தெரியாதா என்று என் ஜேர்மன் நண்பர் ஆச்சரியப்பட்டார். எங்கள் கிராமத்திலிருந்து கடல் தூரம். கோயில் கேணியில் படியைப் பிடித்துக்கொண்டு கால் அடித்ததோடு சரி. அதற்கு மேல் ஒரு காரணமும் உண்டு. 2011 கோடையில் நாங்கள் அகதிமுகாமில் இருந்தோம். வேலை செய்ய அனுமதி இல்லை, நாள் முழுக்க வெயில், ஒன்றும் செய்வதற்கில்லை. சல்லிக்கல் அள்ளின பள்ளத்தில் தண்ணீர் நின்று ஏரியாகிப்போன ஓர் இடத்துக்கு நாங்கள் நாலுபேர் போனோம். அப்படியான ஏரிகளில் கரையிலிருந்து நாலு அடி வைத்தால் நிலம் திடீரென்று இல்லாமல் போகும். மேலே சூடு, கீழே ஐஸ் மாதிரிக் குளிர். எங்களோடு வந்த பொடியன் ஒருவன், இருபத்தொரு வயது, சிரித்துக்கொண்டு இறங்கினான். கத்தவில்லை, கை அசைக்கவில்லை. சத்தமே இல்லாமல் இல்லாமல் போனான். நான் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றேன். அதற்கு மேல் ஓர் அடி வைக்க என்னால் முடியவில்லை. அவனுடைய தாய்க்கு ரெலிபோனில் சொன்னவனும் நான்தான்.

அதற்குப் பிறகு பத்து வருடம் நான் தண்ணீர்ப் பக்கம் போகவில்லை. என் மகள் நீச்சல் வகுப்பில் 'கடற்குதிரை' பட்டி எடுத்தபோதும் கண்ணாடிக்கு வெளியே நின்றுதான் பார்த்தேன். புதிதாக வந்த பெற்றோருக்கு இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கடற்குதிரை என்றால் கரையிலிருந்து குதித்து 25 மீற்றர் நீந்தி, தோளளவு தண்ணீரில் கிடக்கிற ஒரு பொருளை எடுப்பது. அந்தப் பட்டியைக் காற்சட்டையில் தைத்துவிட்டுப் பிள்ளைக்கு நீச்சல் தெரியும் என்று இருந்துவிடாதீர்கள். அடுத்ததான வெண்கலப் பட்டி எடுத்தால்தான் இங்கே பிள்ளை நீந்தத் தெரிந்த பிள்ளை. அதற்குப் பதினைந்து நிமிடம் நீந்த வேண்டும், குறைந்தது 200 மீற்றர்.

வெண்கலப் பட்டிக்கு மகள் பயந்தாள். "அப்பாவும் இறங்கினால் நான் இறங்குவன்" என்றாள். இப்படித்தான் 2021 இலையுதிர் காலத்தில், முப்பத்து நாலு வயதில், நான் பெரியவர்களுக்கான நீச்சல் வகுப்பில் சேர்ந்தேன். எங்களில் ஆறுபேர் வெளிநாட்டுக்காரர். முதல் மூன்று வாரமும் தண்ணீருக்குள் முகத்தை வைத்து மூச்சை வெளியே விடுகிற பாடம் மட்டும். பயந்தவன் மூச்சை உள்ளே பிடித்து வைத்திருப்பானாம், அதனால்தான் மேலே வந்தாலும் காற்று உள்ளே போக இடமில்லாமல் திணறுவானாம். ஆசிரியை சொன்ன இந்த ஒரு விஷயத்துக்கே வகுப்புக் காசு சரி. முதல் 25 மீற்றர் நீந்த எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. முதல் ஒரு கிலோமீற்றர் நீந்த ஒரு வருடம்.

பிறகு பக்கத்து மெஷின்காரர் விடவில்லை. பதிவு திறந்து ஒரு நிமிடத்துக்குள் இடமெல்லாம் முடிந்துபோகும் போட்டி அது. அவர் வீட்டுக் கொம்பியூட்டரில் உட்கார்ந்து இரண்டு இடம் பிடித்துவிட்டார். கட்டின காசை இங்கே எழுதமாட்டேன், வீட்டிலும் உண்மையான தொகை சொல்லவில்லை. ஒரு பிறந்தநாள் விழாவில் வயதான அன்ரி ஒருவர் கேட்டார், "தம்பி, உதுக்கு எவ்வளவு காசு தருவினம்?" "தரமாட்டினம் அன்ரி. நாங்கள்தான் கட்டவேணும்" என்றேன். "உனக்கென்ன விசரோ?" என்று கேட்டுவிட்டு, பிறகு என் மனைவியைப் பாவமாகப் பார்த்தார்.

மூன்று சிவ்ற்றில் வேலை செய்கிறவன் பயிற்சி எடுப்பதென்றால், நேரத்தைத் திருட வேண்டும். வேலைக்குப் பஸ்ஸில் போவதை விட்டேன். பழைய அலுமினிய ஓட்டச் சைக்கிள் ஒன்று வாங்கி அதில் போய்வந்தேன். சனிக்கிழமைகளில் மகள் தமிழ்ப் பாடசாலையில் இருக்கும் மூன்று மணித்தியாலமும் ஓடினேன். வெளியே காரில் காத்திருக்கும் தகப்பன்மார் தேநீர்க் கோப்பையோடு கை காட்டுவார்கள். இரவு வேலை வாரத்தில் ஒன்றும் செய்யக்கூடாது என்பதைக் காய்ச்சல் வந்த பிறகுதான் படித்தேன். சனிக்கிழமை மேலதிக வேலை போனது, அந்தக் காசும் போனது. அதில் ஊருக்கு அனுப்ப வேண்டியது குறைந்தபோது எனக்கும் மனச்சாட்சி குத்தாமல் இல்லை. இதைப் பெரிய தியாகமாக நான் சொல்ல வரவில்லை. என் ஆசைக்கு வீட்டில் மூன்று பேர் விலை கொடுத்தார்கள்.

சாப்பாடுதான் பெரிய படிப்பு. உடம்பில் சேர்த்து வைத்திருக்கிற மாச்சத்து இரண்டு மணித்தியாலத்துக் கடும் உழைப்புக்கே காணாது. ஆகவே பசிக்கு முன்னரே, சைக்கிளில் ஏறின நேரம் தொட்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். வியர்வையில் உப்பும் போகும். வெறும் தண்ணீரை மட்டும் நாள் முழுக்கக் குடித்தால் இரத்தத்தில் உப்புக் குறைந்து ஆபத்தாகும். கடையில் விற்கிற இனிப்புக் களி எனக்கு ஒத்துவரவில்லை. எள்ளுருண்டை கொண்டுபோய்ப் பார்த்தேன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீதியோரம் உட்கார்ந்ததுதான் மிச்சம். கடைசியில் குழையக் காய்ச்சின சோற்றை உப்புப் போட்டு உருண்டை பிடித்துத் தாளில் சுற்றினேன். அது சரிவந்தது.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. ஹில்போல்ட்ஸ்டைன் பக்கத்தில் மைன்-டானூப் கால்வாய். 55 மீற்றர் அகலம், 4 மீற்றர் ஆழம். கப்பல்கள் போகிற கால்வாய், அன்று எங்களுக்காக மறித்திருந்தார்கள். பாலத்திலும் கரையிலும் விடியமுன்னரே சனம். கூட்டம் கூட்டமாக இறக்கினார்கள், ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பீரங்கி வெடி. என் கூட்டம் 7.40 அளவில் இறங்கியது. நீச்சலுக்கு இரவல் ரப்பர் உடுப்பு. அது உடம்பை மிதக்க வைக்கும், ஆனால் நெஞ்சை இறுக்கும்.

வெடி கேட்டது. முந்நூறு மீற்றர் போயிருப்பேன். தண்ணீர் இருட்டு, என் கையே எனக்குத் தெரியவில்லை. ஒருவருடைய கால் என் முகத்தில் பட்டது. மூச்சுப் பிடித்துக்கொண்டது. அந்த ஏரியும் அவனும் ஒரே நேரத்தில் வந்துவிட்டார்கள். பக்கத்தில் காவலுக்கு நின்ற சிறு தோணியைப் பிடித்தேன். பிடித்து ஆறலாம், தோணி முன்னே நகராதவரை குற்றமில்லை. தோணியில் இருந்த பெண்பிள்ளை "வெளியே வரப் போகிறீர்களா?" என்று கேட்டாள். எவ்வளவு நேரம் பிடித்திருந்தேன் என்று தெரியாது. மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்து மூச்சை வெளியே விட்டேன். விட விட உள்ளே தானாக வந்தது. பிறகு கவிழ்ந்து நீந்தத் தொடங்கினேன். அவனையும் கூட்டிக்கொண்டு போவது மாதிரித்தான் நீந்தினேன், வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. கரையில் உதவியாளர் இரண்டுபேர் கக்கத்தில் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். ஒரு மணி 34 நிமிடம். நான் அழுதுகொண்டு ஓடியதை அவர்கள் தண்ணீர் என்று நினைத்திருப்பார்கள்.

சைக்கிளைப் பற்றி நிறைய எழுத ஒன்றுமில்லை. இரண்டு சுற்று. கிரேடிங் ஊரில் வளைந்து வளைந்து ஏறும் ஒரு மலை, ஹில்போல்ட்ஸ்டைனில் சோலார் மேடு. அங்கே சனம் வீதியை மூடி நிற்கும், ஒரு சைக்கிள் போகுமளவுக்கு வழி திறந்து முதுகில் தள்ளாத குறையாகக் கத்துவார்கள். என் இலக்கத் துண்டிலிருந்த பெயரை வாசிக்கப் பார்த்து முடியாமல் "சூப்பர், சூப்பர்" என்று விட்டுவிட்டார்கள். நான் 115ஆவது கிலோமீற்றரளவில் சோற்றுருண்டை கடித்துக்கொண்டிருந்தபோது டென்மார்க்கின் மாக்னுஸ் டிட்லெவ் எல்லாவற்றையும் முடித்துவிட்டார், 7 மணி 23 நிமிடம் 24 விநாடி. பெண்களில் ஆன்னே ஹவ்க் 8 மணி 2 நிமிடம் 38 விநாடி. இரண்டுமே இந்தத் தூரத்துக்கு அதுவரை யாரும் காணாத நேரம். எனக்குச் சைக்கிளுக்கு மட்டும் 6 மணி 58 நிமிடம்.

ஓட்டத்தில் 24ஆவது கிலோமீற்றரில் வயிறு மறுத்துவிட்டது. கோலாவும் வேண்டாம், பழமும் வேண்டாம். அந்த நேரம் பார்த்துக் கால்வாய்க்கரையில் என் மனைவி பிளாஸ்க்கோடு நிற்கிறார். உள்ளே உப்புப் போட்ட புழுங்கலரிசிக் கஞ்சி. வாசம் எனக்கு வந்தது. ஆனால் வெளியாட்கள் கையால் எதையும் வாங்கக்கூடாது என்பது போட்டிச் சட்டம், கண்டால் வெளியே போடலாம். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"ஒரு மிடறு குடிச்சால் ஆர் காணப்போகினம்?"

"வேண்டாமப்பா, வாங்கக்கூடாது."

"நாலு மணிக்கு எழும்பிக் காய்ச்சினனான்."

பதில் சொல்லாமல் நடந்தேன். ஆம், ஓடவில்லை, நடந்தேன். அதற்குப் பிறகு பாதித் தூரம் நடைதான். ஒரு கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை ஓட்டம், பிறகு நடை. எழுபது வயதுக்குக் குறையாத ஒரு மூதாட்டி மெல்லிய சிரிப்போடு என்னைத் தாண்டிப் போனார்.

றோத் மைதானத்துக்குள் நான் வந்தபோது இரவு 9.50. இருட்டிக்கொண்டிருந்தது. மொத்தம் 14 மணி 10 நிமிடம். பக்கத்து மெஷின்காரர் எப்போதோ முடித்துவிட்டுக் குளித்து உடுப்பு மாற்றி நின்றார். கடைசி ஆட்கள் வரும்வரை சனம் கலையவில்லை. வென்றவர்களும் திரும்பி வந்து அவர்களுக்குக் கை தட்டினார்கள். பிறகு வாணவேடிக்கை. மகள் பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "அப்பா, அந்தப் பாட்டி உங்களுக்கு முதலே வந்திட்டா" என்றாள்.

கார் நிறுத்துமிடத்தில் கஞ்சி குடித்தேன். ஆறிப்போயிருந்தது. "இப்ப குடிக்கலாமோ, சட்டத்தில இருக்கோ?" என்று கேட்டுக்கொண்டே மனைவி இரண்டாம் கோப்பை ஊற்றினார்.

பையனின் தாய் ஊரில் இருக்கிறார். அடுத்த நாள் ரெலிபோன் எடுத்தேன். கால்வாய், பீரங்கி எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "தண்ணி குளிரோ தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

நூர்ன்பேர்க் சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்களுக்கு ஓர் அறிவித்தல். ஞாயிறு காலைகளில் நாங்கள் சிலர் சேர்ந்து நீச்சல் தடாகத்துக்குப் போகிறோம். இப்போது ஒன்பது பேர், அதில் நாலுபேர் பெண்கள், மூத்தவருக்கு ஐம்பத்தெட்டு வயது. எல்லோரும் இன்னும் மூச்சு விடுகிற பாடத்தில்தான் நிற்கிறார்கள். வர விரும்புகிறவர்கள் ஆசிரியருக்கு ஒரு வரி எழுதினால் எனக்குக் கிடைக்கும். வாடகை வீட்டு முற்பணத்தைத் திருப்பி வாங்குவது பற்றிக் கேட்டவர்களுக்கு அடுத்த இதழில் எழுதுகிறேன்.