அரைப்பேர் யாருக்கு?

கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர். பொகவந்தலாவை மழையில் நாளெல்லாம் நனைந்து பறித்தவளாயினும் சரியே. குறித்த கிலோ வராவிடின் பாதிக் கூலிதான். நாட்டின் கஜானாவைக் காலியாக்கியோருக்கு எவர் அரைப்பேர் போட்டார் என்று நாம் கேட்கிறோம்.

2022 ஏப்ரல் 12-ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அரசாங்கம் கைவிரித்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் விலைவாசி, முந்திய ஆண்டைவிட ஏறக்குறைய 70 வீதம் உயர்ந்து நின்றது. பத்து ரூபாப் பண்டத்துக்குப் பதினேழு ரூபா! ஹட்டன் ஆசிரியரின் சம்பளத்தையோ, 2021-இல் நிர்ணயிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளியின் ஆயிரம் ரூபாவையோ எவரும் கத்தரி கொண்டு வெட்டவில்லை. வெட்டு மட்டும் விழுந்தது. 1930-களின் மந்தத்தில் கூலியை வெளிப்படையாகக் குறைத்தார்கள், கோ. நடேசையர் போன்றோர் எதிர்த்து நிற்க முடிந்தது. ஓசையின்றி விழும் வெட்டை எதிர்ப்பது அத்துணை எளிதன்று.

அத்தோடு விட்டார்களா? ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளி 8 வீதமும் முதலாளி 12 வீதமும் செலுத்துவது 1958-ஆம் ஆண்டுச் சட்டம். அப்பணத்தின் காவலன் மத்திய வங்கி. 2023-இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது, இந்நிதி தன் திறைசேரி முறிகளைக் குறைந்த வட்டி முறிகளாக மாற்ற வேண்டும், மறுத்தால் 14 வீத வரிக்குப் பதில் 30 வீதம் என்றனர். வங்கிகளின் முறிகளோ தொடப்படவில்லை. வங்கி சரிந்தால் வைப்பிட்டோரும் சரிவர் என்ற வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. அவர்களுள் கந்தப்பளை மரக்கறி விவசாயியும் உளன். ஆயின் அவ்விவசாயி தவணை தவறினால் இவ்வங்கிகள் இதே தயவைக் காட்டுகின்றனவா? சேமலாப நிதிக்கு 9 வீத வட்டி உறுதி என்றும் ஆறுதல் கூறினர். 70 வீதம் விலை ஏறிய நாட்டில் 9 வீத உறுதி!

காவலனான மத்திய வங்கியோ தன் அலுவலருக்கு 70 வீதத்தை எட்டும் சம்பள உயர்வை வழங்கிக்கொண்டது. 2024 தொடக்கத்தில் இது வெளிவந்தபோது பாராளுமன்றமே சினந்தது.

2023 நவம்பர் 14-ஆம் திகதி உயர் நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதிகள் இருவரும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் இருவரும் உள்ளிட்டோர் பொதுமக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறினர் எனத் தீர்த்தது. சட்டம் பயின்றோர் நெடுங்காலம் மேற்கோள் காட்டப்போகும் தீர்ப்பு அது. ஆனால் லயத்துக்கு அதனால் ஒரு சதமும் வந்து சேரவில்லை.

ஆகவே நாம் கோருவது இது: சேமலாப நிதியின் நிர்வாகத்தில் தொழிலாளர் தெரிந்தனுப்பும் பிரதிநிதிகள் அமர வேண்டும். எந்த முறியை எவ்விலைக்கு, எவரிடமிருந்து வாங்கினார்கள் என்ற கணக்கு ஆண்டுதோறும் தமிழில் ஒவ்வோர் அங்கத்தவர் கைக்கும் வர வேண்டும். மறுசீரமைப்பால் இழந்த வட்டியை அரசாங்கம் ஈடுசெய்ய வேண்டும். அரசுத் தோட்டங்கள் செலுத்தாது வைத்த சேமலாப நிலுவையை, ஓய்வு பெற்றோர் உயிரோடிருக்கும்போதே செலுத்த வேண்டும்.