குடியிருப்பும் ஊர்ப்பெயரும்

மன்னாரில் மனை வாங்க விழைவோர் நொத்தாரிசிடம் செல்வர், நில அளவையாளரிடம் செல்வர், சோதிடரிடமும் செல்வர். தமிழாசிரியரிடம் அவர்கள் வருவது வீடு கட்டி முடிந்த பின்னரே. வாயிற்கல்லிற் பொறிக்க ஒரு நல்ல பெயர் வேண்டும் என்பார்கள். யாமும் இரண்டு மூன்று பெயர்களை எழுதிக் கொடுக்கிறோம். ஆயின், வீட்டுக்குப் பெயர் தேடி வருபவர், அவ்வீடு நிற்கும் இடத்தின் பெயரை முன்னரே எம்மோடிருந்து ஒருகால் வாசித்துப் பார்த்திருந்தால் எத்துணை நன்றாயிருக்கும்!

மன்னார்த் தீவின் பழைய ஊர்ப்பெயர்கள், அந்நிலத்தில் நடந்து, தோண்டி, நனைந்து அறிந்தவர்கள் விட்டுச்சென்ற குறிப்புகள். குடியிருக்க இடந் தேர்பவர் விலையை வினவுமுன் பெயரை வினவுதல் வேண்டும் என்பதே எமது துணிபு. 1990 ஆம் ஆண்டிற் போரில் உடைந்த பாலம் 2010 இற் புதிதாகத் திறக்கப்பெற்றது. தலைமன்னார்ப் புகையிரதம் 2015 இல் மீண்டும் ஓடத் தொடங்கியது. கடல் கடந்து வாழும் பழைய மாணவர் பலர் இங்கு ஒரு வளவு வாங்கி வைக்க விரும்புகின்றனர். அவர்களுட் பலர் இடத்தைப் பார்ப்பது வெயிற்காலத்து விடுமுறையில். ஆடி, ஆவணியில் மன்னார் முழுவதும் மேட்டுநிலமாகவே தோன்றும்!

நகரை ஒட்டிய உப்புக்குளத்தை எடுத்துக்கொள்வோம். உப்பு ஒரு செய்தி, குளம் மற்றொரு செய்தி. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்வோரை யாம் குறைகூற வரவில்லை; அவர்கள் தம் நிலத்தை அறிவர். அறியாது சென்று புதுக்கிணறு வெட்டுபவருக்கே இதனைச் சொல்கின்றோம். எருக்கலம்பிட்டியோ வேறு வகையது. எருக்கலை நீர் தேங்காத வறண்ட நிலத்துச் செடி. பிட்டி என்பதை நம் பகுதியார் மேட்டுக்கு வழங்குவர். தாழ்வுபாடு என்ற பெயரில் முற்பகுதிக்கு உரை வேண்டியதில்லை. பாடு என்பது கரைவலை இழுக்கும் இடத்தைச் சுட்டுவதாகவே யாம் கொள்வோம். அப்பெயரிட்டவர் கடற்றொழிலுக்கு உகந்த கரையையும் நிலத்தின் தாழ்வையும் ஒருங்கே கூறிச் சென்றார் போலும். தோட்டவெளி என்றால், பயிர் வளர்க்கும் நீர் அங்கு இருந்தது என்று எண்ண இடமுண்டு. எழுத்தூர் என்ற பெயர் தமிழாசிரியரின் செவிக்கு இனியது. ஆயினும் அவ்வினிமை கிணற்றுநீருக்கு வருமென்று யாம் சொல்லமாட்டோம்.

பெயர்களைப் போலவே சில மரங்களும் சான்று கூறும். பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தின் அடி ஏறத்தாழ 19 மீற்றர் சுற்றளவுடையது. அராபிய வணிகர் கொணர்ந்த இனம் என்பது வழிவழி வந்த செய்தி. வேரில் நீர் தங்குவதைப் பொறாத அம்மரம் அவ்விடத்திற் பன்னெடுங்காலமாக நிற்கின்றது என்பதை, வெளியூரார் படம் பிடித்துக்கொண்டு போவதோடு நாமும் மறந்துவிடுகின்றோம்.

இனிப் புதுப்பெயர்கள். நகர் என்றும் புரம் என்றும் முடியும் இவை பெரும்பாலும் ஒருவரின் நினைவையோ ஒரு நல்விருப்பத்தையோ குறிப்பன. சாந்திபுரம் என்ற பெயரிற் சாந்தி இருக்கின்றது. மாரியில் முற்றத்திலே எவ்வளவு நீர் நிற்கும் என்பது இல்லை. ஜிம்றோன் நகர், எமில் நகர் என்பனவும் அவ்வாறே. போரினாலும் வறுமையினாலும் பெயர்ந்தவர்களுக்கு இடந் தேரும் உரிமை கிடைத்ததில்லை. கிடைத்த இடத்தில் அடுப்பு மூட்டினர். தேரும் வாய்ப்புள்ளவர் பெயரை ஆராயாது வாங்குவதுதான் எமக்கு வியப்பளிக்கின்றது.

நம் முன்னோர் இடந் தேர்ந்த திறத்தைக் காண விரும்புவோர் பாலத்தைக் கடந்து மாதோட்டம் செல்லலாம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் நிற்கும் அவ்விடம் பழைய மாந்தைத் துறைமுகம். 1980 முதல் 1984 வரை ஜோன் காஸ்வெல் முதலிய ஆய்வாளர் அகழ்ந்தபோது, சீனத்துப் பீங்கானும் மேற்காசியக் கலங்களும் ஒருங்கே கிடைத்தன. ஆயிரம் ஆண்டுக்கு மேலாக மக்கள் ஒரே இடத்தில் வாழ்ந்து, இடிந்த மனைமேல் மனை எழுப்பி, மேட்டை மேலும் மேடாக்கினர். சுற்றிலும் அகழி, அண்மையிற் பாலாவி, உள்நாட்டில் அருவியாற்று நீரைத் தாங்கும் கட்டுக்கரைக்குளம். துறையும் மேடும் நன்னீரும் ஒன்றையொன்று அடுத்திருந்த இடத்தையே அவர்கள் நகரமாக்கினர். போர்த்துக்கேயர் 1560 இல் மன்னாரிற் கோட்டை எழுப்பியபோது கண்ணாயிருந்தது நீரிணையைக் காப்பதிலே. இன்றைய நகரம் அக்கோட்டையின் அயலில் வளர்ந்ததேயன்றி, குடியிருப்புக்கென்று எவரும் ஆய்ந்து தேர்ந்ததன்று.

தீவு 30 கிலோமீற்றருக்கு மிகாத நீளமுடைய மணற்பரப்பு. அதில் நன்னீர் என்பது உப்புநீரின்மேல் மிதக்கும் ஓர் ஏடு. மாரியிற் பெய்து மணலில் ஊறிய நீர், கடல்நீரினும் கனங்குறைந்ததாதலால் அதன்மேலே தங்குகின்றது. துலாவிட்டு இறைத்த காலத்தில் அவ்வேடு கிழியவில்லை. இக்காலத்து மோட்டரோ ஒரே பொழுதில் உறிஞ்சுகின்றது. நன்னீர் குறையக் கீழிருக்கும் உப்பு மேலேறுகின்றது. மணல்மேடு வெட்டப்படும் இடத்தில் நீரைச் சேமித்த களஞ்சியமே போய்விடுகின்றது. குழாய்நீர் வந்துவிட்டதே என்பாருமுளர். குழாய் வரட்சியில் எப்படி ஒழுகும் என்பதை அவர்களே அறிவர். கிணற்றுநீரைப் பங்குனியிலும் ஆவணியிலும் சுவைத்துப் பாராது மனை வாங்குதல் தகாது.

“இவையெல்லாம் பழங்கதை, கிரவல் கொட்டி உயர்த்தினால் எந்த நிலமும் நல்ல நிலமே” என்று வாதிடுவோருக்கே யாம் சற்று அழுத்தமாக மறுமொழி கூற விரும்புகின்றோம். தாழ்ந்த வளவை மூன்றடி உயர்த்திச் சுற்றுமதிலும் எழுப்பியவர் வீட்டில் நீர் புகாது, உண்மை. அந்நீர் எங்கே சென்றது? அயல்வீட்டு முற்றத்துக்கு. அயலாரும் பொருளுடையவராயின் அவரும் உயர்த்துவார். கடைசியில் உயர்த்த இயலாத ஏழையின் அடுப்படியிலே அனைவரின் வெள்ளமும் நிற்கும். காசு படைத்தவரின் கிரவல் வெள்ளத்தைத் தடுப்பதில்லை. அதற்கு வேறு விலாசம் எழுதிக் கொடுக்கின்றது. 2020 முதல் தென்கரையில் இயங்கும் 30 காற்றாலைகளுக்கென இட்ட பாதைகள் மழைநீர் கடலுக்கு ஓடுவதைத் தடுக்கின்றன என்று 2025 இல் மக்கள் வீதியில் இறங்கி முறையிட்டனர். அது தனியே ஆராய வேண்டிய பெரிய வழக்கு. ஆனால் அம்முறையீட்டிற் குரல் கொடுத்தவர், தம் மதிலடியில் அடைபட்ட வெள்ளவாய்க்காலையும் ஒருகாற் குனிந்து பார்ப்பது நன்று.

புயலை நாம் அறியாதவர்களல்லர். 1964 டிசம்பரில் எதிர்க்கரைத் தனுஷ்கோடியை அழித்த புயல் இக்கரையையும் வருத்தியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயலின்போது அருவியாறு பெருகிப் பெருநிலத்து ஊர்களை நீரில் ஆழ்த்தியது. அத்தகைய நாளில், உறுதியில் எழுதிய எல்லையை நீர் மதிப்பதில்லை.

அயல் பற்றியும் ஒரு சொல். தம்மவர் மட்டும் வாழும் தெருவைத் தேடும் வழக்கம் நம்மவரிடையே வளர்ந்து வருகின்றது. கோயில் மணியும் தேவாலய மணியும் பள்ளிவாசல் அழைப்பும் ஒரே முற்றத்திற் கேட்கும் ஊர் மன்னார். 1990 அக்டோபரில் முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றியபோது, வீடு இருந்தும் அயல் இல்லாத தெரு எப்படியிருக்கும் என்பதை இத்தீவு கண்டது. தமிழர் பலரும் படகேறி அக்கரை சென்ற ஆண்டு அது. திரும்பி வந்தோர் தம் வேலியைத் தேடியலைந்ததையும் கண்டோம். ஆதலால் மலிவாகக் கிடைக்கும் வளவின் உறுதியைக் காணிப் பதிவகத்திற் பார்ப்பதோடு, அதன் பழைய உரிமையாளர் யார், எங்கே போனார் என்று பக்கத்து வீட்டாரைக் கேட்பதும் வாங்குவோர் கடன். அயலாரைக் கேட்கக் கூசுபவர் அவ்விடத்தில் எங்ஙனம் குடியிருப்பார்?

ஊர்ப்பெயர்கள் எப்படியும் வரைபடத்தில் நின்றுவிடும். அழிவன சிறு காணிப்பெயர்களே. பழைய உறுதிகளில் ஒவ்வொரு துண்டுக்கும் பள்ளமென்றும் திடலென்றும் மரத்தின் பேரென்றும் ஒரு பெயர் இருக்கும். புதிய அளவைப் படங்களிலோ துண்டு இலக்கம் மட்டுமே எஞ்சுகின்றது. நம் கல்லூரி மேல்வகுப்பு மாணவர் ஒரு விடுமுறையில் வீடுவீடாகச் சென்று இப்பெயர்களைத் திரட்டி, ஊர் வாரியாக ஒரு கையேட்டில் எழுதுவாராயின், யாம் உடனிருந்து எழுத்துப் பிழை திருத்தித் தருவோம். அச்சுச் செலவைப் பழைய மாணவர் சங்கம் ஏற்குமா என்று இம்மலர் வாயிலாகவே கேட்கின்றோம். பழைய உறுதி வைத்திருப்போர் அஞ்ச வேண்டுவதில்லை. பெட்டியைத் திறந்து பெயரை மட்டும் வாசித்துச் சொன்னாற் போதும். உறுதி பெட்டியிலேயே இருக்கட்டும்.